ஒரே ஒரு மாணவருக்கு வயலின் கற்பிப்பது எப்படி: முதல் வகுப்பிலிருந்து வர்ணம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கர்நாடக வயலின் தனி வகுப்புகளில் ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் சேர்ந்தே வாசிக்கிறார்கள். ஆசிரியரின் வில்லை ஒட்டியே மாணவரின் வில்லும் போகிறது, வரிசை (ஸ்வரப் பயிற்சி) தடங்கலின்றி முடிகிறது, பக்கத்து அறையில் இருக்கும் பெற்றோருக்கும் நிறைவாக இருக்கிறது. அதே மாணவர் வீட்டில் தனியே வயலினை எடுக்கும்போது ஸ்ருதி விலகுகிறது, காந்தாரம் ('க' ஸ்வரம்) எங்கே என்று விரல் தேடுகிறது. வகுப்பில் அவர் காதில் விழுந்ததெல்லாம் ஆசிரியரின் வயலின்தான். தன் வயலினை அவர் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.

ஒருவரின் ஒலியை மட்டும் காது கொடுத்துக் கேட்க முடிவது தனி வகுப்புக்கு மட்டுமே உள்ள வசதி. அதைப் பயன்படுத்தாவிட்டால் தனி வகுப்பு நடத்துவதில் பொருளில்லை. நான் பின்பற்றும் முறை சுருக்கமானது. மாணவர் முதலில் பாட வேண்டும். பாடியதைத் தனியாக வாசிக்க வேண்டும். ஆசிரியர் தன் வயலினைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். வீணை, சித்ரவீணை, மாண்டலின் கற்பிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இங்கே எடுத்துக்காட்டுகள் எல்லாம் வயலினிலிருந்து வருகின்றன.

வயலினின் அளவும் கட்டையும்

குழந்தை வளர்ந்துவிடும் என்று முழு அளவு வயலினை வாங்கிவிடும் பெற்றோர் உண்டு. சட்டை விஷயத்தில் அது சரி, வயலினில் கூடாது. கால், அரை, முக்கால், முழு அளவு என்று வயலின்கள் கிடைக்கின்றன. மிகச் சிறிய குழந்தைகளுக்குக் காலுக்கும் குறைந்தவை உண்டு. வயலினை வாசிக்கும் நிலையில் வைத்து, இடது கையை அதன் அடியில் நீட்டச் சொல்லுங்கள். முழங்கையை விறைக்காமல் சுருள்தலையை (வயலின் கழுத்தின் நுனியை) உள்ளங்கையால் வளைத்துப் பிடிக்க முடிந்தால் அளவு சரி. விரல் நுனி மட்டும் எட்டினால் ஓர் அளவு சிறியதை எடுங்கள். பெரிய வயலினோடு போராடும் குழந்தையின் இடது தோள் இறுகிவிடும். பிறகு அந்த இறுக்கத்தைக் கழற்றுவதற்கே மாதக்கணக்கில் செலவாகும்.

அடுத்தது கட்டை, அதாவது ஷட்ஜத்தை ('ஸ' ஸ்வரத்தை) எந்த உயரத்தில் வைப்பது என்பது. கடையிலிருந்து வரும் வயலினின் தந்திகள் மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு ஸ்வரங்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் முறையில் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை மந்தர (கீழ் ஸ்தாயி) ஷட்ஜம், மந்தர பஞ்சமம் (ப), மத்திய (நடு ஸ்தாயி) ஷட்ஜம், மத்திய பஞ்சமம் என்று கூட்டுகிறோம். 5 கட்டையில் வைத்தால் அது ஜி, டி, ஜி, டி ஆகிறது. தடித்த இரண்டும் அப்படியே நிற்கின்றன, மெல்லிய இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் மட்டும் இறக்கினால் போதும். தந்திகள் தம் இயல்பான இறுக்கத்துக்கு அருகிலேயே இருப்பதால் ஒலி திறந்து வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 கட்டை பாடவும் தோதானது. ஆசிரியரின் வயலின் 1 கட்டையிலோ 2 கட்டையிலோ இருக்கிறது என்பதற்காகக் குழந்தையின் சிறிய வயலினையும் அங்கே இறக்கினால் தந்திகள் தொய்ந்துபோகும், அந்த ஷட்ஜத்தில் குழந்தையால் பாடவும் முடியாது. வயலினைப் பாட்டோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டுமென்றால் கட்டையை மாணவரின் குரல்தான் தீர்மானிக்க வேண்டும். ஆசிரியர் தன் வயலினை அதற்கேற்ப மாற்றிக் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் வகுப்பு: வயலின் பெட்டியிலேயே இருக்கட்டும்

தம்புராவையோ ஸ்ருதிப் பெட்டியையோ ஒலிக்க விடுங்கள். சிறிது நேரம் எதுவும் சொல்லாமல் கேட்கட்டும். பிறகு ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் அகாரமாக ('ஆ' என்று) நீட்டிப் பாடச் சொல்லுங்கள். குரல் ஷட்ஜத்தில் நேராக விழுகிறதா, கீழிருந்து ஊர்ந்து ஏறுகிறதா, விழுந்த பின் நிற்கிறதா, நழுவுகிறதா என்று கவனியுங்கள். அடுத்த ஆறு மாதங்களில் அவர் விரல்கள் செய்யப்போவதை இந்தக் குரல் முன்கூட்டியே காட்டிவிடும். கீழிருந்து ஊர்ந்து ஷட்ஜத்தைத் தொடுபவர் வயலினிலும் எல்லா ஸ்வரத்தையும் கீழிருந்து இழுத்துக்கொண்டுதான் போவார்.

"எனக்குக் குரல் இல்லை, அதனால்தான் வயலினுக்கு வந்தேன்" என்பார்கள் சிலர். குரல் இனிமையாக இருக்க வேண்டிய தேவை இங்கே இல்லை, இடம் சரியாக இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு முனகினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதின்வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் காலத்தில் மந்தரத்திலோ வசதியான வேறு இடத்திலோ முனக விடுங்கள். பாடவே மாட்டேன் என்பவரிடம் வற்புறுத்தாமல் நீங்கள் பாடுங்கள். ஷட்ஜத்தையும், சற்றே இறங்கிய ஷட்ஜத்தையும் மாற்றி மாற்றிப் பாடி, எது தம்புராவோடு சேர்கிறது என்று கேளுங்கள். காது சொல்லத் தொடங்கிவிட்டால் குரல் சில வாரங்களில் பின்னாலேயே வந்துவிடும்.

சாவியைத் திருப்பிய கையோடு வண்டி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இந்த வகுப்பு ஏமாற்றமாக இருக்கலாம். வகுப்பு முடிவில் வயலினைத் திறந்து, நீங்கள் விரல் வைத்துக்கொண்டு வில்லை மட்டும் மாணவரை இழுக்கச் சொல்லுங்கள். தன் கையிலிருந்து ஓர் ஒலி வந்த மகிழ்ச்சியோடு அவர் வீட்டுக்குப் போகலாம்.

உட்காரும் முறை

மேற்கத்திய முறையில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ தாடையால் வயலினைப் பிடிக்கிறார்கள். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பிய வயலின் கலைஞரிடம் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். காலப்போக்கில் நம்மவர்கள் தரையில் அமர்ந்து, வலது காலைச் சற்று முன்னே வைத்து, சுருள்தலையை வலது கணுக்காலுக்கு அருகே பாதத்தில் ஊன்றி, மறுமுனையை இடது மார்புக்கும் தோளுக்கும் இடையே சாய்த்து வாசிக்கும் முறைக்கு வந்தார்கள். வயலினைத் தாங்கும் வேலையிலிருந்து இடது கை முழுவதும் விடுபட்டுவிடுகிறது. ஜாருவும் (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது) கமகமும் (ஸ்வரத்தை அசைப்பது) தடையின்றி ஓடுவது அந்த விடுதலையால்தான். ஆகவே உட்காரும் முறையைச் சரிபார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இடது கையை முழுவதும் எடுத்துவிட்டால் வயலின் நிற்கிறதா?

நிற்கவில்லை என்றால் இடது கட்டைவிரல் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கினால் மார்புப் பக்கம் ஒரு துணியை மடித்து வையுங்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் வயலினை நிறுத்திக்காட்டச் சொல்வது நல்ல பழக்கம்.

வில்: அவசரப்படக் கூடாத இடம்

ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது வலது கை. ஆனாலும் இரண்டாம் வகுப்பிலேயே சரளி வரிசைக்கு (முதல் ஸ்வரப் பயிற்சிக்கு) போய்விடுவதும், வில் தன்னால் சரியாகிவிடும் என்று விடுவதும் வழக்கமாகிவிட்டது. தன்னால் அது சரியாவதில்லை.

வில்லின் முடியை முறுக்கும்போது நடுவில் மரத்துக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்கட்டும். கட்டைவிரல் மடங்கியே இருக்க வேண்டும். அது நிமிர்ந்து விறைத்தால் மணிக்கட்டும் முழங்கையும் கூடவே விறைக்கும். சுண்டுவிரல் வளைந்து வில்லின் மேல் அமரட்டும். வாசித்து முடித்ததும் முடியைத் தளர்த்தி, தந்தியில் படிந்த ரோசின் பொடியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் வயலினைப் பெட்டியில் வைக்க வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கு விரலே வேண்டாம். மத்திய ஷட்ஜத் தந்தியில் வில்லை அடியிலிருந்து நுனி வரை நான்கு எண்ணிக்கையில் இழுத்து, நான்கு எண்ணிக்கையில் தள்ள வேண்டும். பழகப் பழக அதை ஆறாக்கி, எட்டாக்குங்கள். இழுக்கும்போது குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கும்) வில்லுக்கும் உள்ள தூரம் மாறக் கூடாது. தொடக்கத்தில் எல்லோருக்கும் வில்லின் நுனி நெருங்கும்போது வழி கோணி, வில் விரல்பலகைப் பக்கம் வழுக்கும், ஒலி மெலிந்து காற்றாகும். முழங்கை திறக்காமல் தோள் மட்டும் பின்னுக்குப் போவதால் வரும் கோணல் இது. "வில்லை நேராக இழு" என்று நூறு முறை சொல்வதால் பயன் இல்லை. மாணவரின் முழங்கைக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை வைத்து, மேல்கை எங்கே நிற்க வேண்டும், முன்கை எங்கே திறக்க வேண்டும் என்று கையாலேயே உணர்த்துங்கள். தொடுவதற்கு முன் குழந்தையிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலி கரகரத்தால் மாணவர் உடனே பயந்து வில்லைத் தூக்கிவிடுவார், ஒலி உயிரிழக்கும். அவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லி வையுங்கள்: வில்லின் வேகம், வில் தந்தியில் இறக்கும் கனம், குதிரையிலிருந்து அதன் தூரம். மெதுவான வில்லில் கனம் அதிகமானால் கரகரக்கும். வேகமான வில்லில் கனம் குறைந்தால் சீறும். வேண்டுமென்றே கரகரப்பாக வாசிக்கச் சொல்லி, அதிலிருந்து கனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வேன். சுத்தமான ஒலி பிறக்கும் இடத்தை மாணவரே கண்டுபிடிப்பார். நாம் சொல்லிக்கொடுத்த ஒலியைவிடத் தானே தேடிக் கண்டது அவர் கையில் நன்றாகத் தங்குகிறது.

மாயாமாளவகௌளையும் விரல்களும்

வரிசைகளுக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்தெடுத்த பெருமையைப் புரந்தரதாசருக்குக் கொடுக்கிறது நம் மரபு. வயலினில் இந்த ராகத்துக்குத் தனி வசதி உண்டு. ஸ ரி க ம என்ற முதல் பாதியின் இடைவெளிகளும் ப த நி ஸ என்ற பின்பாதியின் இடைவெளிகளும் அச்சு மாறாமல் ஒன்றே. ஷட்ஜத் தந்தியில் முதல் விரல் ரிஷபம், இரண்டாவது காந்தாரம், மூன்றாவது மத்தியமம். பக்கத்துப் பஞ்சமத் தந்தியில் அதே விரல்கள், அதே இடங்கள்: தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜம். ஒரு தந்தியில் கை பிடித்த வடிவத்தை அப்படியே மற்றதற்கு எடுத்துச் செல்லலாம். விரல் வைப்பு பாணிக்குப் பாணி சற்று மாறும். உங்கள் குருவழி எதுவோ அதிலேயே இருங்கள்.

முதல் தடுமாற்றம் ரிஷபத்தில் வரும். கை இயல்பாக விழும் இடத்தில் முதல் விரலை வைத்தால் கிடைப்பது சதுஸ்ருதி ரிஷபம் (உயர்ந்த ரி). இந்த ராகத்தின் சுத்த ரிஷபத்துக்கு (தாழ்ந்த ரி) விரலைப் பின்னுக்கு இழுத்துத் தந்தி தொடங்கும் இடத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து காந்தாரத்துக்கு நல்ல இடைவெளி. காந்தாரமும் மத்தியமமும் ஒட்டி உட்கார வேண்டும். குழந்தைகள் நான்கு ஸ்வரங்களையும் சம தூரத்தில் வைத்துவிடுவார்கள், ராகம் கலைந்துபோகும். "கொஞ்சம் கீழே, இன்னும் கீழே" என்று விரலை வழிநடத்த வேண்டாம். வில்லை மடியில் வைத்துவிட்டு ஸ ரி ஸ, ஸ ரி ஸ என்று பாடச் சொல்லுங்கள். தம்புராவின் ஷட்ஜத்தோடு சுத்த ரிஷபம் நெருக்கமாக உரசும். அந்த உரசல் காதில் பதிந்த பிறகு வில்லை எடுக்கட்டும். மேலிருந்து விரலை மெல்ல நகர்த்தி, பாடியபோது கேட்ட உரசல் வரும் இடத்தில் நிறுத்தட்டும்.

விரல்பலகையில் வண்ண நாடா ஒட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. நாடா இருக்கும் வரை வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. மேலும் நம் சங்கீதத்தில் ஸ்வரம் கோடு போட்ட இடத்தில் நிற்பதில்லை, நாளைக்குக் கமகம் கற்கும்போது அந்த நாடாவே இடைஞ்சலாகும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதல் விரலுக்கு மட்டும் ஒன்று ஒட்டி விரைவில் எடுத்துவிடலாம்.

நாடாவைவிட நம்பகமான துணை வயலினுக்குள்ளேயே இருக்கிறது. மந்தர பஞ்சமத் தந்தியில் மூன்றாவது விரலால் ஷட்ஜத்தை வாசிக்கும்போது இடம் சரியாக இருந்தால், யாரும் தொடாத மத்திய ஷட்ஜத் தந்தி தானே அதிரும். உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். மத்திய பஞ்சமத் தந்தியில் மேல் ஷட்ஜத்தை வாசித்து வில்லைச் சட்டென்று எடுத்தால் ஒலியின் வால் சிறிது நேரம் தொங்கும். விரல் சற்றே விலகியிருந்தால் அந்த வால் வராது. ஆசிரியர் இல்லாத நாட்களிலும் சரி தவறு சொல்லக்கூடிய சோதனை இது. இதை முதல் மாதத்திலேயே மாணவருக்குக் காட்டிவிடுங்கள். தந்தி தானே அதிர்வதைப் பார்த்த குழந்தை அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டும்.

வீணையில் மெட்டு (ஸ்வர இடங்களைக் காட்டும் கட்டை) இருப்பதால் இந்தத் தேடல் குறைவு. ஆனால் மெட்டில் விரல் வைத்தாலே ஸ்வரம் சரி என்ற நிம்மதி, தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும் கட்டத்தில் காதைக் கைவிட்டுவிடும். வீணை ஆசிரியர்கள் பாடவைக்கும் வேலையை வயலின் ஆசிரியர்களைவிட அதிகம் செய்ய வேண்டியிருக்கிறது.

முக்கால் மணி நேர வகுப்பில் என்ன செய்வது

ஸ்ருதி கூட்டும் வேலையைத் தொடக்கத்தில் ஆசிரியர் செய்யலாம். ஆனால் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தந்தி ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். பிறகு நீண்ட வில். அதன்பின் சென்ற வாரப் பாடத்தை மாணவர் தனியாக வாசிக்கட்டும், நீங்கள் தாளம் மட்டும் போடுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள். தவறியவுடன் நிறுத்தினால், ஒவ்வொரு தவறிலும் நின்றுவிடும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொள்ளும். கச்சேரி மேடையில்கூட அது விடாது.

முடிந்ததும் முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்: "எந்த இடம் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றியது?" சரியான இடத்தை அவரே சொன்னால் பாதி வேலை முடிந்தது. சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த இடத்தை நீங்கள் இரண்டு விதமாக வாசித்துக்காட்டி, எது அவர் வாசித்தது என்று கேளுங்கள்.

பிறகு ஒரே ஒரு திருத்தம். ஐந்து குறைகள் தெரியும், ஐந்தையும் சொல்ல நாக்கு துடிக்கும். எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். உடல் இறுக்கம் இருந்தால் அன்றைக்கு வேறெதுவும் பேசுவதில்லை. உடல் தளர்ந்திருந்தால் ஒலி. ஒலி தெளிந்த பிறகு ஸ்ருதி. பிறகு லயம். ஸ்ருதிக்கு முன் ஒலியை வைப்பதைப் பலர் ஏற்கமாட்டார்கள். கரகரக்கும் ஒலியில் ஸ்ருதி சேர்கிறதா என்பதை வாசிப்பவரால் கேட்க முடியாது. கேட்க முடியாததைத் திருத்தச் சொல்வது வீண்.

புதிய பாடத்தை வாய்வழியாகவே கொடுங்கள். ஒரு சிறு பிடியை (ஸ்வரத் தொடரை) நீங்கள் பாட, மாணவர் பாட, பிறகு வாசிக்க. அது கையில் வந்த பிறகே நோட்டில் எழுதிக் கொடுங்கள். எழுத்து நினைவுக்கு உதவ வருகிறது. முதலிலேயே கொடுத்தால் காதின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கடைசி ஐந்து நிமிடம் மாணவருக்கு மிக நன்றாக வரும் ஏதாவது ஒன்றை ஆசையாக வாசிக்கட்டும். இந்த இடத்தில் மட்டும் நீங்களும் சேர்ந்து வாசிக்கலாம்.

ஜண்டை, தாட்டு, அலங்காரம்

சரளி வரிசையில் முதல் காலத்தில் (வேகத்தில்) ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில். இரண்டாம் காலத்தில் ஒரு வில்லில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. காலம் கூடும்போது வில்லின் வேகம் கூடுவதில்லை, விரலின் வேகம்தான் கூடுகிறது. இதை மாணவர் புரிந்துகொண்டால் மூன்றாம் காலப் பதற்றம் பாதியாகக் குறையும்.

ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வர வேண்டும். அதை வில்லால் இடித்து வரவழைப்பது குறுக்குவழி. இரண்டாவது ஸ்வரத்தைத் தொடங்கும் கணத்தில் கீழ் ஸ்வரத்தை மின்னலாகத் தொட்டுத் திரும்பும் ஸ்புரிதத்தை விரல் செய்ய வேண்டும். பாடும்போது தொண்டை இதைத் தானாகச் செய்கிறது. அதனால் இங்கேயும் பாடிவிட்டு வாசித்தால் எளிது. ஸ்வரங்கள் தாவி வரும் தாட்டு வரிசை தந்தி தாவப் பழக்கும். ஏழு தாள அலங்காரங்களை வயலினில் வாசிக்கும்போது இரு கைகளும் வேலையில் இருப்பதால் தாளம் போட முடியாது. கையால் தாளம் போட்டுப் பாடுவதை ஒருநாளும் விடாதீர்கள். காலைத் தட்டித் தாளம் காக்கும் பழக்கத்தை நம் உட்காரும் முறையில் தொடங்கவே கூடாது, சுருள்தலை பாதத்தில்தான் ஊன்றியிருக்கிறது.

வீட்டுச் சாதகமும் பெற்றோரும்

வாரத்தில் ஒரு வகுப்பு என்றால் மீதி ஆறு நாட்கள் மாணவர் தனியே இருக்கிறார். ஆகவே "இதைச் சாதகம் செய்துகொண்டு வா" என்று அனுப்புவது போதாது. எப்படிச் செய்வது என்பதை வகுப்பிலேயே செய்து காட்ட வைக்க வேண்டும். நோட்டில் மூன்று வரிகளுக்கு மேல் எழுதாதீர்கள்: நீண்ட வில், இந்த வாரத் திருத்தம் எந்தப் பிடியில், பழைய பாடம் ஒன்று. குழந்தைகளுக்குக் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வது ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட நல்லது. வாரத்தில் ஒரு நாள் வாசித்ததைக் கைபேசியில் பதிவு செய்து தானே கேட்கட்டும். வாசிக்கும்போது காதுக்குத் தப்பியது பதிவில் தப்பாது.

ஜப்பானியரான ஷினிச்சி சுசுகி (1898–1998) குழந்தைகள் தாய்மொழியைக் கற்பதுபோலவே வயலினையும் கற்க முடியும் என்று நம்பி ஒரு முறையை உருவாக்கினார். அதில் பெற்றோர் வகுப்பில் கூடவே உட்காருவார்கள், வாசிக்கவிருக்கும் பாட்டைக் குழந்தை வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கும். நாமும் எடுத்துக்கொள்ளத் தக்க பழக்கங்கள் இவை. கீதம் (முதலில் கற்கும் எளிய பாட்டு) தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அதைப் பாடிப் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள். சாப்பிடும்போதும் விளையாடும்போதும் காதில் விழட்டும். பெற்றோருக்கு ஒரு வேலை மட்டும் கொடுங்கள்: குறித்த நேரத்தில் தம்புராவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவது. "தப்பு, தப்பு" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுக்க வேண்டாம் என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வயது வந்த மாணவர்கள்

நாற்பது வயதில் வயலின் கற்க வருபவர் நிறையச் சங்கீதம் கேட்டவராக இருப்பார். காது தயார், கை தயாரில்லை. தன் ஒலி காதுக்கு ஒவ்வாமல் இருப்பது அவரை வருத்தும். அவருக்குச் சரளி வரிசையோடு முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களையும் சீக்கிரமே கொடுக்கலாம். மேற்கத்திய மெட்டுகளைத் தழுவிச் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை அவை. கமகம் வேண்டாம், ஸ்வரங்கள் நேராக நிற்கும், வில்லுக்கும் நல்ல பயிற்சி. ஒரு முழுப் பாட்டை வாசித்துவிட்டேன் என்ற நிறைவு அவரை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவரும். தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காதவர்களுக்கு இடுப்புக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டு உயர்த்தினால் முழங்கால் தாழ்ந்து உடல் தளரும்.

இணையவழி வகுப்பு

ஒலி தாமதமாக வந்து சேர்வதால் இணையத்தில் சேர்ந்து வாசிக்கவே முடியாது. இந்த முறைக்கு அது ஒரு விதத்தில் நல்லதுதான், மாணவர் தனியாக வாசித்தே தீர வேண்டும். காணொளிச் செயலிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. இரைச்சலைக் குறைக்கும் வசதி தம்புராவையும் நீண்ட வில்லையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் அமைப்பை இரு பக்கமும் இயக்கிவிடுங்கள். கேமராவை முகத்துக்கு நேராக வைக்காமல், குதிரையும் வில்லும் வலது முழங்கையும் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். தம்புரா மாணவரின் பக்கம் ஒலிக்க வேண்டும். ஸ்ருதி நுணுக்கத்தைச் செயலி வழியே கேட்டுத் தீர்ப்புச் சொல்வதைவிட, அவர் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுச் சொல்வது பிழையில்லாமல் இருக்கும்.

கீதத்திலிருந்து வர்ணத்துக்கு

கீதம் தொடங்கியதும் வில்லுக்குப் புதிய பொறுப்பு வருகிறது. இதுவரை ஸ்வரங்களை எண்ணிப் போன வில், இனிச் சாகித்தியத்தின் எழுத்தைப் பின்தொடர வேண்டும். பாடுபவர் புதிய எழுத்தை உச்சரிக்கும் இடத்தில் வில் மாறட்டும். ஓர் உயிரெழுத்து நீளும் இடத்தில் எத்தனை ஸ்வரங்கள் வந்தாலும் வில் மாறாமல் ஓடட்டும். வாய்ப்பாட்டைப்போல் வயலினை ஒலிக்கச் செய்தவர் என்று லால்குடி ஜெயராமனைக் கொண்டாடுகிறோம். அந்த ஒலிக்குப் பின்னால் இந்த எழுத்துக் கணக்கு இருக்கிறது. மாணவரின் நோட்டில் சாகித்தியத்தை ஸ்வரத்துக்குக் கீழே எழுதி, வில் மாறும் இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். பொருள் தெரியாமல் எழுத்தைப் பிரிக்க முடியாது என்பதால் பொருளையும் சொல்லுங்கள்.

கமகத்தை எப்போது தொடங்குவது என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கீதம் வரை ஸ்வரங்களை நேராகவே வாசிக்கவைப்பது என் வழக்கம். ஊன்றிய இடம் உறுதியாக இல்லாத விரல் அசைந்தால் அந்த அசைவு எந்த ஸ்வரத்தைச் சுற்றுகிறது என்று தெரியாது. கீதத்துக்குப் பின் வரும் பெரிய உருப்படியான வர்ணத்தில் நிலைமை மாறும். தோடியின் காந்தாரத்தை அசைவில்லாமல் வாசித்தால் அது தோடியாகவே இராது. முதலில் மெதுவாக, அசைவின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் எவை என்று இரண்டு தனி ஸ்வரங்களாகப் பாடவும் வாசிக்கவும் செய்யுங்கள். பிறகு ஒரே விரலால், ஒரே வில்லில் அவற்றை இணைக்கட்டும். இடது கட்டைவிரல் இறுகினால் உடனே நிறுத்திக் கையை உதறச் சொல்லுங்கள். அசைவு முன்கையிலிருந்து வர வேண்டும், விரல் நுனி மட்டும் துடித்தால் நடுக்கம்தான் மிஞ்சும்.

தேர்வுக்காக வர்ணத்தை அவசரமாக முடிக்கும் நெருக்கடி எல்லா ஆசிரியருக்கும் வரும். ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும் சுத்தமாக வாசிப்பவர், நான்கு வர்ணங்களை அரைகுறையாக ஒப்பிப்பவரைவிட வெகுதூரம் வந்தவர் என்று பெற்றோரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

முதல் வர்ணம் கையில் நின்றதும், மனோதர்மத்துக்கு (கற்பனையில் அங்கேயே வாசிப்பதற்கு) காத்திருக்காமல் ஒரு சிறு பயிற்சியைத் தொடங்கிவிடலாம். மோகனம்போன்ற ஐந்து ஸ்வர ராகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆதி தாளத்தில் பாதி ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நீங்கள் பாடுங்கள், மீதிப் பாதியில் அதையே மாணவர் வாசித்துத் திருப்பட்டும். சில வாரம் கழித்து, அதையே திருப்பாமல் பதில் வாசிக்கச் சொல்லுங்கள்: நீங்கள் காந்தாரத்தில் நிறுத்தினால் அவர் அங்கிருந்து எடுத்து ஷட்ஜத்துக்கு வந்து சேர வேண்டும். நோட்டு மூடியிருக்கட்டும். பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போகிறவருக்கு மேடையில் நடக்கவிருப்பது இதுதான், அதற்கான காதை இந்த வகுப்பறையிலேயே தயார் செய்துவிடலாம்.